நம் வீட்டு ஆயில்

கீழ்வேளூர்,
14.7.2024

அன்புத் தம்பி லியாகத் அலிக்கு,

லாத்தா நூர்ஜஹானின் சலாம். நீயும் நஜ்மாவும் ஓமானில், சோஹாரில் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் நன்றாக இருக்கிறேன். எழுபத்தொரு வயதில் ஒருத்தி எவ்வளவு நன்றாக இருக்க முடியுமோ, அதைவிட ஒரு பங்கு கூடவே.

போனில் கூப்பிட்டுக்கொண்டே இருக்காதே. போனில் சொன்ன சொல்லுக்குத் தேதியும் கிடையாது, கையெழுத்தும் கிடையாது. கான்வென்ட்டில் சிஸ்டர் அலோசியா எனக்குக் கடிதம் எழுதக் கற்றுக்கொடுத்தது வீணாகப் போக வேண்டாம். இனி எது கேட்பதானாலும் எழுதிக் கேள்.

விஷயம் லாரி. உன் மச்சான் மௌத்தாகிக் கண் மூடுவதற்கு இரண்டு மாதம் முன்னால் வாங்கிய புது வண்டி. ஒன்றரை வருஷம்கூட ஆகவில்லை. அதற்குள் பின்னால் நீலப் புகை விடுகிறது. டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிகிறது. நெல் மூட்டை ஏற்றிக்கொண்டு வெட்டாற்றுப் பாலம் ஏறும்போது மாடு படுப்பதைப் போலப் படுத்துவிடுகிறது.

டிரைவர் பஞ்சநதம், "வண்டி ஆயில் குடிக்குதும்மா" என்றார். "வண்டி எதையும் குடிக்காது, பஞ்சநதம். எரிக்கிறதா, ஒழுகுகிறதா? ஒன்றைச் சொல்லுங்க" என்றேன். "எரிக்குதும்மா" என்றார். ஒழுகினால் தரையில் கறை இருக்க வேண்டும். வண்டிக்கு அடியில் மூன்று நாள் பழைய செய்தித்தாளை விரித்துப் பார்த்தேன். ஒரு சொட்டுக்கூட இல்லை. ஆகவே எரிக்கிறது.

பட்டறை ஜாஹித் வந்து பார்த்தான். சைலன்சருக்கு முன்னால் இருக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் அடைத்துப்போய்விட்டதாம். "அதைக் கழட்டி உள்ள இருக்கறதக் குத்தி எடுத்துட்டு, வெறும் கூட்ட மாட்டிடலாம் பெரியம்மா. வெளியில பார்த்தா யாருக்குத் தெரியும்? எல்லாரும் பண்றதுதான்" என்கிறான். எல்லாரும் பண்ணட்டும். ஜனவரியில் ஆர்.டி.ஓ. ஆபீஸில் வண்டிக்கு எஃப்.சி. காட்ட வேண்டும். உள்ளே ஒன்றும் இல்லாத பெட்டியை ஆபீசர் முன்னால் நிறுத்தி, இருக்கிறது என்று சொல்ல எனக்கு நாக்கு வராது.

நீ முப்பது வருஷம் லாரிப் பட்டறையில் இருப்பவன். உன் கருத்தை எழுது. இந்த வண்டியை நான் விற்கப் போவதில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

உன் லாத்தா,
நூர்ஜஹான்


சோஹார்,
30.7.2024

மரியாதைக்குரிய லாத்தாவுக்கு,

தம்பியின் சலாம். நஜ்மா நலம். எனக்குத்தான் முழங்காலில் வலி; ஐம்பத்தொன்பது வயது என்று அது மட்டும் சரியாகக் கணக்கு வைத்திருக்கிறது. உங்கள் கடிதத்தை நஜ்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "வண்டி எதையும் குடிக்காது" என்ற இடத்தில் உங்கள் குரலே கேட்டது என்றாள்.

ஜாஹித் சொல்வதைக் கேட்காதீர்கள். உங்கள் முடிவு சரி. அந்தப் பெட்டிக்குள் தேன்கூடு மாதிரி ஆயிரக்கணக்கான கண்கள் இருக்கும். ஒவ்வொரு கண்ணிலும் மெல்லிய பூச்சு. புகை அந்தக் கண்கள் வழியாகப் போகும்போது பூச்சுதான் அதன் நஞ்சை முறிக்கும். டீசல் எரிந்தால் அதற்குப் பெரிய கேடு இல்லை. எஞ்சின் ஆயில் எரிந்தால்தான் கேடு. ஆயிலில் கலந்திருக்கும் துத்தநாகம், பாஸ்பரஸ், கால்சியம் எல்லாம் எரிந்தும் தீராமல் சாம்பலாகப் போய் அந்தப் பூச்சின் மேல் உட்கார்ந்துவிடும். கரி உட்கார்ந்தால் சூட்டில் எரிந்துபோகும். இந்தச் சாம்பல் போகாது. கண்கள் அடைந்தால் புகைக்கு வழி இல்லை. எஞ்சின் மூச்சுத் திணறும். பாலத்தில் படுப்பது அதனால்தான்.

ஆகவே பெட்டியை மட்டும் மாற்றிப் பயனில்லை. ஆயில் ஏன் எரிகிறது என்று பார்க்காமல் புதுப் பெட்டி போட்டால் அதுவும் ஒரு வருஷத்தில் செத்துவிடும். மூன்று விஷயம் எழுதுங்கள்.

ஒன்று, நீலப் புகை எப்போது வருகிறது: காலையில் ஸ்டார்ட் செய்யும்போதா, பாரம் இழுக்கும்போதா?

இரண்டு, எத்தனை கிலோமீட்டருக்கு எவ்வளவு ஆயில் குறைகிறது?

மூன்று, என்ன ஆயில் ஊற்றுகிறீர்கள்? டின்னின் மேல் என்ன எழுதியிருக்கிறது?

மூன்றாவதுதான் முக்கியம்.

அன்புடன்,
லியாகத் அலி


கீழ்வேளூர்,
18.8.2024

அன்புத் தம்பிக்கு,

சலாம். முழங்காலுக்கு நல்லெண்ணெயைச் சூடாக்கித் தேய். மாத்திரையை விழுங்கிக்கொண்டே இருக்காதே. நான் நலம்.

உன் கேள்விகளுக்குப் பதில். புகை பாரம் இழுக்கும்போது அதிகம். காலையிலும் உண்டு, குறைவாக. இரண்டாவது: ஆயில் கம்பியை நானே உருவி, துணியால் துடைத்து, மறுபடி விட்டு எடுத்து, ஸ்டீல் ஸ்கேலால் அளந்தேன். ஐந்நூற்று இருபது கிலோமீட்டர் ஓடியதற்குப் பதினொரு மில்லிமீட்டர் இறக்கம். மேல் கோடு வரை நிரப்ப ஒரு லிட்டருக்குக் கொஞ்சம் கூட ஆனது. மூன்றாவது: நாம் ஊற்றுவது நம் வீட்டு ஆயில்தான். அதில் சந்தேகத்துக்கு இடமில்லை.

ஆனால் இதற்கிடையே ஒரு கேவலம் நடந்துவிட்டது. ஜாஹித் அந்தப் பெட்டியைத் திறந்து காட்டினான். உள்ளே வெள்ளைச் சாம்பல், கல்யாண வீட்டு அடுப்பைப் போல. "இந்த வண்டிக்கு உண்டான ஆயில் இது இல்ல பெரியம்மா. எவனோ கண்ட ஆயில ஊத்தியிருக்கான்" என்றான். ஊற்றுவது யார்? பஞ்சநதம். என் கையால் அளந்து கேனில் கொடுப்பது நல்ல ஆயில். எஞ்சினுக்குள் போயிருப்பது வேறு ஆயில். நடுவில் இருப்பது ஒரே ஒரு ஆள். நல்லதை விற்றுவிட்டு மட்டத்தை ஊற்றியிருக்கிறார். இதைக் கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு தேவையில்லை.

பட்டறையில் எல்லார் முன்னாலும் கேட்டேன். "பஞ்சநதம், நான் கொடுத்த ஆயிலத்தான் ஊத்தினீங்களா?" வாயைத் திறந்தார். ஜாஹித்தைப் பார்த்தார். சுற்றி நின்றவர்களைப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் சுற்றிக்கொண்டே நின்றார். பத்தொன்பது வருஷம் நம் சோற்றைத் தின்றவர்.

சாவியை வாங்கிக்கொண்டேன். தன் ஊர் திருக்காட்டுப்பள்ளிக்குப் போய்விட்டார். லாரி சங்கத்துச் செயலாளர் நாகேஸ்வரனிடமும் காரணத்தைச் சொல்லிவிட்டேன். இன்னொருவர் வண்டிக்கு இந்தக் கதி வரக் கூடாது அல்லவா? அஸார் என்ற பையன் இப்போது ஓட்டுகிறான்.

நஜ்மாவை விசாரித்ததாகச் சொல்.

லாத்தா


சோஹார்,
8.9.2024

லாத்தாவுக்கு,

சலாம். நல்லெண்ணெய் தேய்க்கிறேன். வலி போகவில்லை. நஜ்மாவுக்கு மட்டும் திருப்தி.

"நம் வீட்டு ஆயில்" என்று ஒரு கம்பெனி இருப்பது எனக்குத் தெரியாது, லாத்தா. கோபப்படாதீர்கள். டின்னின் பின்பக்கத்தில் சிறிய எழுத்தில் சி.கே.4 என்று போட்டிருந்தால் அது இந்த வண்டிக்கு உண்டானது, சாம்பல் குறைவு. சி.எஃப்.4 என்று போட்டிருந்தால் அன்றைக்கே நிறுத்துங்கள். அது பழைய வண்டிகளுக்கு. இந்த எஞ்சினில் அது பிஸ்டன் வளையங்களில் கரி பிடித்து ஒட்ட வைக்கும். வளையம் ஒட்டினால் ஆயில் மேலே ஏறி எரியும். எரியும் ஆயிலுக்குப் பதிலாக அதே ஆயிலை ஊற்றினால் இன்னும் எரியும். வட்டம் புரிகிறதா?

பஞ்சநதம் விஷயம் எனக்குச் செரிக்கவில்லை. மச்சான் வேளாங்கண்ணியிலிருந்து சென்னை வரை அவரிடம் ஸ்டியரிங்கைக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் குறட்டை விட்டு வருவார். மனுஷன் தூங்குவது எளிதா? நம்பிக்கை இருந்தால்தானே தூக்கம் வரும்.

அவசரத்துக்கு உங்களைப் போனில் கூப்பிட்டேன், மன்னியுங்கள். "லாத்தா, என்ன ஆயில்?" என்றேன். "ஆமாம், இங்கேயும் வெயில்தான். தாங்க முடியல" என்றீர்கள். மறுபடி கேட்டேன். "மழை வந்தால் குறையும்" என்று வைத்துவிட்டீர்கள். லைன் சரியில்லை போலிருக்கிறது.

என்ன ஆயில், லாத்தா?

தம்பி


கீழ்வேளூர்,
29.9.2024

தம்பிக்கு,

சலாம். இருவரும் நலமாக இருங்கள். இங்கே எல்லாம் அப்படியே.

குறுவை அறுப்பு முடிகிறது. கொள்முதல் நிலையத்தில் மூட்டைகள் வெட்டவெளியில் கிடக்கின்றன. மேலே தார்ப்பாய் போட்டாலும் கீழிருந்து ஈரம் ஏறுகிறது. நம் வண்டி மூன்று நடை போக வேண்டிய நாளில் ஒன்றரை நடை போகிறது. லைன் சரியில்லை என்று எழுதியிருந்தாய். ஆமாம், இங்கே லைன் எப்போதும் மோசம்.

அஸார் ஓட்டத் தொடங்கி ஆறு வாரம். அளவு: ஐந்நூறு கிலோமீட்டருக்குப் பதினொரு மில்லிமீட்டர்.

ஆயில் தகரத்தில் எழுத்து அழிந்துபோயிருக்கிறது. படிக்க முடியவில்லை.

நூர்ஜஹான்


சோஹார்,
25.10.2024

மரியாதைக்குரிய லாத்தாவுக்கு,

சலாம். நாங்கள் நலம். உங்கள் கடிதத்தை இந்தத் தடவை நஜ்மாவுக்குப் படித்துக் காட்டவில்லை.

டிரைவர் மாறினார், அளவு மாறவில்லை. அதை நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கீழே ஒரு வார்த்தையும் சேர்க்காமல் விட்டிருக்கிறீர்கள். நானும் சேர்க்கவில்லை.

2022 லீவில் நான் வந்திருந்தபோது, பழைய லாரிக்காக மச்சான் முழு டிரம் ஆயில் வாங்கிப்போட்டார். மொத்தமாக வாங்கினால் லாபம் என்று அவருக்கு ஒரு பிடிவாதம். நானும் பஞ்சநதமும்தான் அதை உருட்டிக்கொண்டுபோய்க் கொட்டகையில் நிறுத்தினோம். பஞ்சநதம் கட்டைவிரலை நசுக்கிக்கொண்டார். மச்சான் சிரித்துச் சிரித்து இருமினார். அடுத்த வருஷமே பழைய லாரி போய்ப் புது லாரி வந்துவிட்டது. டிரம் என்ன ஆனது என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை.

அந்த ஆயில் கெட்டது இல்லை, லாத்தா. மச்சான் மட்டமான பொருள் வாங்க மாட்டார். பழைய வண்டிக்கு அது அமுதம். அதிலிருக்கும் துத்தநாகமும் பாஸ்பரஸும்தான் பழைய எஞ்சினைக் காப்பாற்றின. அதே பொருள்தான் புது வண்டியின் கன்வெர்ட்டரைக் கொல்கிறது. எண்ணெய் மேல் குற்றமில்லை, வண்டி மாறிவிட்டது.

இதற்குப் பதில் எழுத வேண்டாம். கொட்டகைவரை ஒரு நடை போய்விட்டு வாருங்கள். போதும்.

அன்புத் தம்பி,
லியாகத் அலி


சோஹார்,
20.12.2024

லாத்தாவுக்கு,

சலாம். எட்டு வாரமாகிறது. டெல்டாவில் மழை வெள்ளம் என்று செய்தியில் பார்த்தேன். வீட்டுக்குள் தண்ணீர் வந்ததா? மாத்திரை இருக்கிறதா? லாரியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "நலம்" என்று ஒரு சொல் எழுதினால் போதும். எழுத்துப்பிழை இருந்தாலும் பரவாயில்லை என்று எழுத நினைத்தேன். உங்களிடம் அது நடக்காது.

உங்கள் சின்னவன்,
லியாகத்


கீழ்வேளூர்,
3.1.2025

திரு. பஞ்சநதம் அவர்களுக்கு,

நூர்ஜஹான் எழுதுவது. நீங்களும் ஞானாம்பாளும் பிள்ளைகளும் நலம் என்று நம்புகிறேன். நலம் விசாரிக்கிற உரிமை எனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை. இருந்தாலும் விசாரிக்காமல் கடிதம் தொடங்கி எனக்குப் பழக்கமில்லை.

ஆகஸ்ட் மாதம் ஜாஹித் பட்டறையில் உங்களைத் திருடர் என்று சொன்னேன். அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. அதைவிட மோசமாகச் சொன்னேன். நீங்கள் ஊற்றியது நான் கொடுத்த ஆயில்தான். நான் கொடுத்தது அவர் பழைய லாரிக்கு வாங்கிய டிரம் ஆயில். தவறு ஆயிலைக் கொடுத்த கையினுடையது.

அவர் வாங்கியதை வீணாக்கக் கூடாது என்று நினைத்தேன். விரயம் மார்க்கத்திலும் ஆகாது. அது மட்டும் காரணம் இல்லை. அந்த டிரம்மிலிருந்து பம்பு அடித்து ஆயில் எடுக்கும்போதெல்லாம், இன்னும் அவர் வாங்கிக்கொடுத்ததில்தான் வண்டி ஓடுகிறது என்று இருக்கும். இதை நான் வேறு யாரிடமும் சொன்னதில்லை.

ஒன்று மட்டும் எனக்கு விளங்கவில்லை. அன்றைக்கு நீங்கள் ஏன் வாய் திறக்கவில்லை? உங்களுக்குத் தெரியும் அல்லவா, அது பழைய வண்டி ஆயில் என்று? ஒரு வார்த்தை முன்னாலேயே சொல்லியிருக்கலாமே.

ஜனவரி 19 ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குக் கீழ்வேளூர் லாரி ஸ்டாண்டுக்கு வாருங்கள். நாகேஸ்வரனையும் ஜாஹித்தையும் வரச் சொல்லியிருக்கிறேன். யாரிடம் சொன்னேனோ, அவர்கள் முன்னாலேயே திருப்பி எடுத்துக்கொள்ள வேண்டும்.

இப்படிக்கு,
நூர்ஜஹான் அப்துல் அஜீஸ்


திருக்காட்டுப்பள்ளி
11.1.2025

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு பஞ்சநதம் வணக்கத்துடன் எழுதுவது.

இங்கு அனைவரும் சுகம். தங்கள் கடிதம் கிடைத்தது. உறை மேலே திரு. பஞ்சநதம் அவர்கள் என்று இருந்ததால், வேறு பஞ்சநதம் யாருக்கோ என்று தபால்காரரிடம் திருப்பிக் கொடுக்கப் பார்த்தேன். ஞானாம்பாள்தான் உங்கள் கையெழுத்தைப் பார்த்துவிட்டு வாங்கினாள்.

அம்மா கேட்டதற்குப் பதில். நான் சொன்னேன் அம்மா. அய்யா தவறி, நீங்க வெளி ஆம்பளைங்க கண்ணுல படாம இத்தா இருந்த நாள். டின் ஆயில் தீர்ந்துபோச்சு. நீங்க திரைக்கு அந்தப் பக்கம் இருந்து, கொட்டகைச் சாவிய வெளிய நீட்டினீங்க. டிரம்மில் இருந்து எடுத்துக்கச் சொன்னீங்க. நான் திரைக்கு இந்தப் பக்கம் நின்னு, "அம்மா, அது பழைய வண்டி ஆயிலும்மா, புதுசுக்கு ஆகுமா?" அப்படின்னேன். நீங்க, "வெயில் எல்லாருக்கும்தான் பஞ்சநதம். அதுக்காக வண்டிய நிறுத்த முடியுமா? ஊத்திட்டுக் கிளம்புங்க" அப்படின்னீங்க.

நான் அங்கேயே நின்னேன். மறுபடி சொன்னேன். "மோர் இருக்கு, குடிச்சிட்டுப் போங்க" அப்படின்னீங்க. மோர் வந்தது. குடிச்சேன். சரி, அம்மாவுக்குத் தெரியும், தெரிஞ்சுதான் பேச்ச மாத்துறாங்க, அய்யா வாங்கின ஆயில நான் குறை சொல்றேன்னு கோவமோ அப்படின்னு நினைச்சிட்டேன். புருஷன் போன வீட்டில நின்னு திரும்பத் திரும்பக் கேக்க எனக்கு மனசு வரல. அது என் தப்பு.

பட்டறையில ஏன் பேசலன்னா, அன்னிக்கு ஏழு பேர் நின்னாங்க. நான் அப்ப சொல்லியிருந்தா, அந்த ஏழு பேரும் உங்களப் பார்த்துச் சிரிச்சிருப்பாங்க. என்னப் பார்த்து யாரும் சிரிக்கலையே, முறைச்சாங்க அவ்வளவுதான்.

இங்கு நடவுக்கு டிராக்டர் ஓட்டினேன். இப்போ அதுவும் இல்லை. அஞ்சு மாதமா லாரி ஸ்டியரிங் யாரும் தரவில்லை. 19ஆம் தேதி வருகிறேன். ஆனால் ஸ்டாண்டில் எதுவும் சொல்ல வேண்டாம் அம்மா. எனக்குத் தெரிஞ்சா போதும்.

இப்படிக்கு
பஞ்சநதம், ஓட்டுனர்


கீழ்வேளூர்,
16.2.2025

என் அன்புத் தம்பி லியாகத்துக்கு,

லாத்தாவின் சலாம். நலம். இந்தச் சொல்லை டிசம்பரிலேயே நான் எழுதியிருக்க வேண்டும். வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லை. வாசற்படி வரை வந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது.

ஜூலையில் நீ கேட்ட மூன்றாவது கேள்விக்கு இப்போது பதில் எழுதுகிறேன். சி.எஃப்.4. டிரம்மின் மேல் பெரிய எழுத்தில் இருக்கிறது. எழுத்து அழிந்துபோயிருக்கிறது என்று எழுதினேன் அல்லவா? அழியவில்லை. தூசிதான் இருந்தது. துணியால் துடைத்தேன், தெரிந்தது, அதற்குப் பிறகுதான் உனக்கு அப்படி எழுதினேன். உள்ளே ஒன்றும் இல்லாத பெட்டியை இருக்கிறது என்று காட்ட மாட்டேன் என்று ஜாஹித்திடம் வீரம் பேசியவள், இருந்த எழுத்தை இல்லை என்று காட்டினேன்.

பஞ்சநதம் எழுதியதை இத்துடன் நகல் எடுத்து வைத்திருக்கிறேன். படி. திரை இருந்த இடத்தைப் படிக்கும்போது நீ சிரித்தால் எனக்கு வருத்தமில்லை. நானும் சிரித்தேன், பிறகுதான் மற்றது வந்தது. என் வலது காது நான்கு வருஷமாகக் கேட்பதில்லை, லியாகத். இடது பாதி. உன் மச்சானுக்குத் தெரியும். யாராவது பேசினால் எனக்கு விளங்குகிற மாதிரி முகத்தைத் திருப்பி அவரே ஒருமுறை திருப்பிச் சொல்லிவிடுவார். வெளியாட்களுக்குத் தெரியாது. அவர் போனபிறகு உதட்டைப் பார்த்துச் சமாளித்தேன். இத்தாவில் நடுவே திரை. திரைக்கு ஏது உதடு? "ஆயில்" எனக்கு "வெயில்" என்று கேட்டது. கேட்டதாக நினைத்துக்கொண்டேன் என்பதுதான் சரி. "என்ன சொன்னீங்க?" என்று ஒரு முறை கேட்டிருந்தால் முடிந்திருக்கும். கேட்கவில்லை. கேட்டால் தெரிந்துவிடும் அல்லவா.

19ஆம் தேதி ஸ்டாண்டுக்குப் போனேன். சொல்ல வேண்டாம் என்று பஞ்சநதம் எழுதியிருந்ததை நான் மதிக்கவில்லை. டீக்கடை பெஞ்சில் பதினைந்து டிரைவர்கள், நாகேஸ்வரன், ஜாஹித். பஞ்சநதம் ஒரு புளியமரத்துக்குப் பின்னால் ஏதோ கடன்காரனுக்கு ஒளிந்தவர் போல நின்றார். "முன்னால வாங்க" என்றேன். வந்தார்.

சிஸ்டர் அலோசியா அந்த நாளில் சொல்லிக்கொடுத்தபடி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, நடு மேடையில் நிற்கிற மாதிரி நின்று சொன்னேன். "ஆகஸ்டில் நான் பஞ்சநதத்தைப் பற்றிச் சொன்னது பொய். இவர் ஆயிலை விற்கவில்லை. தப்பான ஆயிலைக் கொடுத்தது நான். இவர் அப்போதே என்னை எச்சரித்தார். எனக்குக் காது கேட்கவில்லை. எனக்கு வலது காது சுத்தமாகக் கேட்காது, இடது பாதிதான் கேட்கும். அதை மறைத்ததால் வந்த வினை இது. யாருக்காவது கேள்வி இருந்தால் இந்தப் பக்கம் வந்து சத்தமாகக் கேளுங்கள்."

யாரும் கேட்கவில்லை. அல்லது கேட்டார்கள், எனக்குக் கேட்கவில்லை. வாய்கள் அசைந்தன. ஜாஹித் தலையைச் சொறிந்தான். நாகேஸ்வரன் எழுந்துவந்து பஞ்சநதத்தின் கையைப் பிடித்தார். ஒரு டிரைவர் ஏதோ சொல்ல மற்றவர்கள் சிரித்தார்கள். பஞ்சநதத்திடம் என்ன என்றேன். இடது காதருகே குனிந்து, "பத்தொம்போது வருஷமா அம்மா திட்டினது எனக்குக் கேட்டுச்சு, நான் பேசினது அம்மாவுக்குக் கேக்கலன்னு சொல்றான்மா" என்றார். "அவன் சொன்னது சரி. ஆனா நாலு வருஷம்தான், கணக்கைத் திருத்தச் சொல்லுங்க" என்றேன். இன்னும் சத்தமாகச் சிரித்தார்கள். அது எனக்கே கேட்டது.

சாவியைக் கொடுத்தேன். வாங்க யோசித்தார். அஸார் என்ன செய்வான் என்றார். அஸாருக்கு நாகேஸ்வரன் வண்டியில் இடம் பேசி முடித்துவிட்டுத்தான் வந்தேன், எனக்குப் பாதி வேலை செய்து பழக்கமில்லை என்றேன். வாங்கிக்கொண்டார்.

நீ எழுதிய முறைப்படியே எஞ்சினைப் பிரித்தோம். வளையங்கள் கரியில் ஒட்டிக்கிடந்தன; புது வளையம் போட்டாயிற்று. கன்வெர்ட்டர் தஞ்சாவூரிலிருந்து வந்தது. பழையதை நிமிர்த்தி வெளிச்சத்தில் பார்த்தேன். நீ சொன்ன தேன்கூட்டுக் கண்களில் பத்துக்கு எட்டு அடைந்து வெள்ளையாக இருந்தன. புதியதைப் பார்த்தேன், அந்தப் பக்கத்து வெளிச்சம் தெரிந்தது. ஜனவரி 30 எஃப்.சி.க்குப் போனோம். புகை அளக்கிற குழாயை நுழைத்தார்கள். அந்த நேரம் நான் திருக்குர்ஆனில் மனப்பாடமாய் இருந்ததெல்லாம் ஓதினேன். தேறிவிட்டது. இப்போது சம்பா நெல், மூன்று நடை ஓடுகிறது. வெட்டாற்றுப் பாலத்தில் நான் கூடவே போய்ப் பார்த்தேன். படுக்கவில்லை.

டிரம்மில் இன்னும் எழுபது லிட்டர் போலக் கிடக்கிறது. நான் அதைக் கொட்டிவிடச் சொன்னேன். பஞ்சநதம் விடவில்லை. "அய்யா வாங்கினதும்மா. நம்ம வயல் பம்புசெட்டு பழைய எஞ்சின்தான. அதுக்கு இது போதும், பத்து வருஷம் வரும்" என்றார். ஆகவே இந்தக் கோடையில் உன் மச்சான் வாங்கிய ஆயிலில் தண்ணீர் இறைப்போம்.

இனி அளவு. ஆயிரத்து நாற்பது கிலோமீட்டருக்கு ஒரு மில்லிமீட்டர். ஸ்கேலைச் சாய்த்துப் பார்த்தால் அதுவும் இல்லை.

பஞ்சநதம் ஒரு புது வழக்கம் வைத்திருக்கிறார். ஆயில் டின்னை உடைப்பதற்கு முன்னால் என்னிடம் கொண்டுவருவார். என் இடது பக்கம் வந்து நின்று அதன் பின்பக்க எழுத்தைப் படிப்பார். நான் திருப்பிச் சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னால்தான் ஊற்றுவார். நேற்று படித்தார். "சி.கே. ஏழு" என்றேன், வேண்டுமென்றேதான். டின்னை உடைக்காமலே எடுத்துக்கொண்டு நடக்க ஆரம்பித்துவிட்டார்.

"பஞ்சநதம், நாலு! சி.கே. நாலு!" என்று வாசல் வரை கத்திக்கொண்டு போனேன்.

நின்று திரும்பினார். "இது கேட்டுச்சும்மா" என்றார்.

எனக்கும் கேட்டது.

நஜ்மாவுக்கு இந்தக் கடிதம் முழுவதையும் படித்துக் காட்டு. போன் செய்தால் மெதுவாக, இடது காதுக்குப் பேசு.

உன் லாத்தா,
நூர்ஜஹான்